படகு மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர்: ஓடுறதைவிட நிக்கிறது முக்கியம்

ஓசூர்ல ஏதர், டிவிஎஸ்; போச்சம்பள்ளியில ஓலா. கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்து கிளம்புற ஒவ்வொரு மின்சார ஸ்கூட்டருக்குள்ளயும் ஒரு கன்ட்ரோலர் இருக்கு. ஆக்சிலரேட்டரைத் திருகினா மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகணும்னு முடிவு பண்றது அதுதான். அதைவிட எளிமையான ஒண்ணை, சின்னப் படகோட 12 வோல்ட் பிரஷ் மோட்டாருக்கு வீட்டிலேயே செய்யலாம்.

மாஸ்ஃபெட் என்கிற மின்னணு சுவிட்ச், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். பாதி நேரம் விட்டா, மோட்டாருக்குச் சராசரியா 6 வோல்ட். ரெசிஸ்டர் வெச்சு வேகத்தைக் குறைச்சா, மிச்சம் வெறும் சூடாப் போயிடும். இதுல பேட்டரியிலயே மிஞ்சும். தண்ணியில இன்னொரு லாபம்: ப்ரொப்பெல்லர் சுத்துற வேகத்தைப் பாதியாக்கினா, தேவைப்படுற சக்தி கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்குதான்.

சிக்கல் அணைக்கும்போதுதான். காயில்ல ஓடிட்டிருந்த மின்சாரம் சட்டுனு நிக்காது. வோல்டேஜ் எகிறி மாஸ்ஃபெட்டை அடிச்சிடும். மோட்டாருக்குக் குறுக்கே வேகமான டையோடு ஒண்ணு போட்டா, அந்த மின்சாரம் அது வழியா சுத்தி அடங்கிடும்.

மாஸ்ஃபெட் போனா மோட்டார் நின்னுடும்னு நினைப்போம். பெரும்பாலும் தலைகீழ்: அது ஷார்ட் ஆகி, மோட்டார் முழு வேகத்துல ஓடும். குமிழைச் சைபருக்குத் திருப்பினாலும் நிக்காது. அதனால பேட்டரி பக்கத்துல ஒரு ஃபியூஸ் வேணும். முழு மின்சாரத்தையும் துண்டிக்கிற சுவிட்ச் ஒண்ணும் வேணும். அதோட கயிறு ஓட்டுறவர் மணிக்கட்டுல இருக்கணும். ஆள் தண்ணியில விழுந்தா, படகு அவரை விட்டுட்டு ஓடக்கூடாது. சர்க்யூட் வரையும்போது இந்த ரெண்டையும் முதல்ல வரைங்க.