சொந்தக் கூட்டத்திடம் சொன்னவர்

எதிரியிடம் உண்மை பேசப் பெரிய துணிச்சல் வேண்டியதில்லை. கைதட்ட நம்மவர்கள் இருப்பார்கள். நம்மவர்களிடமே அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்வதுதான் கடினம். மலாயா அரசியலில் அப்படிச் சொன்னவர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜொகூர்க்காரர் டத்தோ ஓன் ஜாஃபார்.

1895இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தந்தை அம்மாநிலத்தின் முதல் மந்திரி பெசார் (முதலமைச்சர்). அரண்மனை நிழலிலேயே வளர்ந்தும், சுல்தானின் நிர்வாகத்தைக் குறைகூறி எழுதியதால் 1920களின் இறுதியில் ஜொகூரை விட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கப்பூரில் ‘வார்த்தா மலாயா’ பத்திரிகையின் ஆசிரியரானார். பல ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்பினார். போருக்குப் பின் பத்து பகாட்டில் மாவட்ட அதிகாரி.

1946இல் பிரிட்டிஷார் மலாய் மாநிலங்களை ஒரே ஆட்சியின் கீழ் இணைக்கும் மலாயன் யூனியனைக் கொண்டுவந்தபோது, அதற்கு எதிராக மலாய்க்காரர்களைத் திரட்டியவர் அவரே. அந்த ஆண்டு மே 11இல், ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசார் அரண்மனையில் மலாய்க்காரர் கட்சியான அம்னோ பிறந்தது; ஓன் அதன் முதல் தலைவர். நாம் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் எளிதாகக் குடியுரிமை கொடுத்ததுதான் மலாயன் யூனியன் மீதிருந்த பெரிய கோபங்களில் ஒன்று. அதாவது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தாத்தாக்களின் குடியுரிமையையும் சேர்த்துத்தான் அந்தக் கூட்டம் எதிர்த்தது.

அதே மனிதர் மூன்றாண்டுகளுக்குள் வேறு மாதிரி பேசத் தொடங்கினார். 1949இல் பல இனத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு சமூகத் தொடர்புக் குழு அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான துரைசிங்கம். மூடிய அறைக்குள் நடந்த அந்தப் பேச்சுகள் ஓனை மாற்றின. எல்லா இனத்தாரையும் அணைத்துக்கொள்ளாமல் சுதந்திரம் வராது, வந்தாலும் நிலைக்காது என்ற முடிவுக்கு வந்தார்.

அறைக்குள் அப்படிப் பேசிவிட்டு மேடையில் பழைய பாட்டையே பாடியிருக்கலாம். இன்றைய அரசியலில் அது அன்றாட வழக்கம். ஓன் அப்படிச் செய்யவில்லை. குடியுரிமை விதிகளைத் தளர்த்தக் கேட்டார். 1950இல் கட்சி முரண்டு பிடித்ததும் பதவி விலகினார். கெஞ்சிக் கூப்பிட்டதால் திரும்பினார். திரும்பி வந்தவர் வாயை மூடிக்கொள்ளாமல், அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. 1951 ஆகஸ்டில், தான் தொடங்கிய கட்சியைத் துங்கு அப்துல் ரஹ்மானிடம் விட்டுவிட்டு வெளியேறினார். மகன் ஹுசேன் ஓனும் கூடவே போனார்.

அடுத்த மாதமே எல்லா இனத்தாருக்குமான மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மலாயா இந்தியர் காங்கிரஸான ம.இ.கா. அவர் பக்கம் நின்றது. 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் பன்னிரண்டு இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு. அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் சேர்ந்து ஒன்பதை அள்ளின. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது நம் தலைவர்களுக்கும் புரிந்தது. 1954இல் ம.இ.கா. அந்த இரு கட்சிகளின் கூட்டணியில் சேர்ந்துகொண்டது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்மை உள்ளே அழைத்ததற்காகத் தன் நாற்காலியை இழந்தவரை விட்டுவிட்டு, நம்மைச் சேர்க்காத கட்சியோடு கைகோத்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஓனுக்குச் சிலை வைத்துவிடலாம். முடியவில்லை. 1954இல் அவர் பார்ட்டி நெகாராவைத் தொடங்கினார். 1955 தேர்தலில் வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். அந்தக் கணக்கு அவரையும் வளைத்தது. மலாய்க்காரர் உரிமை, குடியேற்றக் கட்டுப்பாடு என்று அவர் குரல் மாறியது. அப்படியும் பலனில்லை. 52 இடங்களில் 51 கூட்டணிக்குப் போயின. சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே ஓன் தோற்றார். 1959இல் திரங்கானுவிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன அவர், 1962இல் காலமானார்.

பின்னால் சறுக்கியதைக் காட்டி 1951ஐ நடிப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிப்பதாக இருந்தால் தலைவர் பதவியில் இருந்துகொண்டே நடித்திருக்கலாம். அவருக்கு அன்று கட்சிக்குள் நிகரான ஆள் இல்லை. சறுக்கல் 1955இல் வந்தது, தோற்றுத் தோற்றுச் சலித்த பிறகு.

மகன் ஹுசேன் 1968இல் அம்னோவுக்குத் திரும்பினார். 1976இல் பிரதமரானார். தந்தை திறக்கச் சொன்ன கதவை அவரும் திறக்கவில்லை.