குழாய்க்குள் ஒரு வெள்ளை வில்லை: மாவு நைசானால் ஏன் கெட்டிப்படுகிறது?

மயிலாப்பூரில் எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். கால் திருப்பில் தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் இரண்டு வெள்ளை வில்லைகள். அலுமினா பீங்கான். கத்தி முனையால் கீறினேன். வில்லையில் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் கருங்கோடாகப் படிந்தது.

அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஆனால் சூளையில் சுமார் 1,600 டிகிரியிலேயே, உருகாமலே, அலுமினா மாவின் துகள்கள் ஒட்டி ஒன்றாகின்றன. எப்படி? அரைப்பதில்தான் சூட்சுமம். உருளும் டிரம்மில் கெட்டியான குண்டுகள் மோதி மாவை நைசாக்குகின்றன. துகள் சிறுத்தால் அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். மேற்பரப்பில் தேங்கிய ஆற்றலைக் குறைத்துக்கொள்ளவே துகள்கள் ஒட்டுகின்றன. அணுக்கள் நகரவேண்டிய தூரமும் குறைகிறது. 1950இல் இயற்பியலாளர் கான்யர்ஸ் ஹெர்ரிங் இதற்குக் கணக்கே போட்டார்: அணுக்கள் துகளின் உட்புறம் வழியாக நகர்ந்தால், துகளின் அளவு பாதியாகும்போது ஒட்ட ஆகும் நேரம் எட்டில் ஒரு பங்காகும். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மூடினால் கடினம் ஏறும். சூளையில் அதிக நேரம் விட்டால் ஒட்டிய துகள்கள் பெருத்து அந்தக் கடினம் இறங்கும். அரைப்பதிலும் அளவு உண்டு. மிஞ்சினால் குண்டு தேய்ந்து மாவில் கலக்கும். நைசான மாவு கட்டிதட்டும், அந்தக் கட்டிகளுக்கு நடுவே சூளையிலும் மூடாத ஓட்டைகள் தங்கும்.