தெரு கூடிச் சுட்ட பலகாரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நெசவாளர் தெருவில் வேலை இரட்டிப்பாகிவிடும். தீபாவளி விற்பனைக்குரிய சேலைகள் சங்கத்திற்கு வந்து சேர வேண்டும். நாடா ஓயாது ஓட வேண்டும். அதே பத்து நாட்களில்தான் அதிரசமும் முறுக்கும் சுட்டாக வேண்டும். பகலெல்லாம் தார் சுற்றும் பெண்டிரே இரவில் அடுப்படியிலும் நிற்கிறார்கள். சங்கத்துக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கச் செல்லும் நாம் இந்தக் கணக்கை நெடுநாள் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு ஓர் ஊரில் பார்க்க நேர்ந்தது.

அவ்வூரில் ஆவணி மாதம், கோகுலாஷ்டமியன்று, ஒரு வீட்டில் சீடை வெடித்தது. சீடை வெடித்தது என்றால் நகைப்பவர்கள் உண்டு. வாணலியருகே நின்றவர்கள் நகைக்கமாட்டார்கள். சீடையின் மேற்புறம் எண்ணெயில் பட்டவுடன் இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றித் திணறி, கடைசியில் ஓட்டைப் பிளந்துகொண்டு கொதிக்கும் எண்ணெயை வாரி இறைக்கிறது. சரியாகச் சலிக்காத மாவில் தங்கிய ஒரு குருணையோ, கரையாத ஓர் உப்புக்கல்லோ, அழுத்தி வழவழப்பாக உருட்டியதோ இதற்குப் போதும். அன்று அந்த அம்மையாரின் வலக்கை மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. ஆறு வாரம் அவர் இராட்டையைத் தொடவில்லை. தார் இல்லையேல் தறி இல்லை. கூலிக்கு ஆள் வைத்துத் தார் சுற்றியதில் கணவரின் நெசவுக் கூலியில் ஒரு பகுதி கரைந்தது. ஒரு படி சீடைக்கு அக்குடும்பம் கொடுத்த விலை அது.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. அரிசி மாவையும், வறுத்தரைத்த உளுத்த மாவையும் நுண்ணிய சல்லடையில் இருமுறை சலிக்க வேண்டும். உப்பை நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். மெத்தென உருட்டித் துணியில் பரப்பி, மேலீரம் உலர விட வேண்டும். ஊசியால் ஒரு குத்துக் குத்தி வைப்பாரும் உளர். முதலில் ஒன்றிரண்டை மட்டும் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பது அறிவுடைமை. அப்படியும் கை வெந்துவிட்டால் மாவு, மை, வெண்ணெய் எதையும் தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துக்கொண்டிருந்து, பின்பு மருத்துவரிடம் செல்க.

தீபாவளி நெருங்கியபோது அத்தெருவின் ஏழு வீட்டுப் பெண்டிர் ஒரு திண்ணையில் கூடினர். தூக்கம் கெட்ட கண்ணோடு நள்ளிரவில் தனியே எண்ணெய்முன் நிற்பதே ஆபத்து என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே ஏழு அடுப்புக்குப் பதில் ஓர் அடுப்பு. இரவுக்குப் பதில் பகல். நால்வர் பலகாரம் சுட, மூவர் ஏழு வீட்டுக்கும் தார் சுற்றுவது; மறுநாள் ஆள் மாறிக்கொள்வது. இத்திட்டத்தை எந்த அதிகாரியும் அவர்களுக்கு வகுத்துக் கொடுக்கவில்லை என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

முறுக்குக்கு 12 கிலோ பச்சரிசி, 3 கிலோ உளுந்து. அதிரசத்துக்கு 8 கிலோ பச்சரிசி, 6 கிலோ வெல்லம். பக்கத்துக் கிராமத்து உழவர்களின் நிலக்கடலையைச் செக்கில் ஆட்டிய எண்ணெய் 15 லிட்டர் தகரம் ஒன்று. எல்லாம் மொத்தத்தில் வாங்கினர். எண்ணெயில்தான் பெரும் மிச்சம். ஏழு வீட்டில் ஏழு வாணலி வைத்தால், ஏழிலும் அடியில் கறுத்த எண்ணெய் மீந்துவிடும். அதைக் கொட்ட மனம் வராமல் கார்த்திகை வரை தாளிப்பார்கள். பலமுறை காய்ந்த எண்ணெய் உடலுக்கு ஆகாது. கடைக்காரர்கள் அப்படிப் பயன்படுத்துவதற்கு 2018 ஜூலை முதல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டு அடுப்படிக்கு ஆய்வாளர் வருவதில்லை. வயிறு மட்டும் ஒன்றுதானே!

வெல்லத்தைப் பற்றி உழவர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. வெளுப்பாயிருந்தால் நல்ல விலை போகும் என்று ரசாயனம் இட்டுக் காய்ச்சுவோர் உண்டு. அந்த வெல்லம் பாகுக்கு ஒத்துவராது என்று இப்பெண்டிர் ஒருமுகமாகச் சொன்னார்கள். கருமை கலந்த பாகு வெல்லம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினர்.

இங்கிலாந்தின் ராச்டேலில் 1844 டிசம்பர் 21 அன்று, நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் திறந்த கூட்டுறவுக் கடையில் முதல் நாள் இருந்த சரக்கு என்ன? மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தியை நீக்கிப் பார்த்தால் வீட்டில் ரொட்டியும் பலகாரமும் சுடுவதற்கு வேண்டியவையே. கலப்படமற்ற மாவு வேண்டும் என்ற அடுப்படிக் கவலை நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் இதைப் பாடமாக மனப்பாடம் செய்த நமக்கு, அந்தத் திண்ணையில்தான் அதன் பொருள் விளங்கிற்று.

முறுக்கு எளிதில் முடிந்தது. அதிரசந்தான் சோதனை. அரிசியை ஊறவைத்து, நிழலில் பரப்பி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலித்தாயிற்று. இனிப் பாகு. பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துபோகும், முறுகினால் கல்லாகிவிடும். ஒரே கொப்பரையில் ஏழு வீட்டுப் பாகு. தவறினால் ஏழு வீட்டுக்கும் தவறும். தெருக்கோடியில் தனியே வாழ்ந்து, கூலிக்குத் தார் சுற்றும் ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டுப் பதம் கண்ட கை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டார், கரைந்தது. மறுபடி விட்டார், நீரடியில் படிந்தது, திரளவில்லை. மூன்றாம் முறை விரலால் கூட்டியபோது மெத்தென்ற உருண்டையாகத் திரண்டது. "இறக்குங்க" என்றார். மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு நாள் மூடி வைத்து, பின்பு இளந்தீயில் சுட்டார்கள். நன்றாக வந்தது.

பங்கிடும்போதுதான் பிணக்கு எழுந்தது. எட்டுத் தகர டப்பாக்களில் சமமாக அடுக்கினர். எட்டாவது அந்த மூதாட்டிக்கு. "பணம் போடாதவருக்குச் சரிபங்கு எப்படி?" என்று அங்கத்தினர் ஒருவர், இளைஞர், கேட்டார். கேள்வி தவறன்று, பங்குத்தொகை கட்டாதவருக்கு ஈவு இல்லை என்று நாமே அவருக்குச் சொல்லியிருக்கிறோம். கணக்கு எழுதிய பெண்மணி நோட்டைத் திருப்பிக் காட்டினார். "அவங்க பதம் சொல்லலைன்னா 14 கிலோவும் எண்ணெயில போயிருக்கும். அதை எந்தப் பக்கத்துல எழுதறது, சொல்லுங்க?" இளைஞர் நம்மைப் பார்த்தார். உழைப்பும் பங்குதான் என்றோம்.

இதைச் சங்கத்தின் கீழேயே ஒரு திட்டமாக்கலாமா என்று செயலர் ஆவலோடு கேட்டார். வேண்டாம் என்றோம். துணைவிதியில் இடமில்லை என்பது ஒருபுறம். விற்பனை என்று இறங்கினால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பது மற்றொருபுறம். இரண்டையும்விட, அந்த நோட்டு நம் தணிக்கை இல்லாமலே சரியாக இருந்தது.

மாலையில் மூதாட்டி தம் திண்ணையில் டப்பாவைத் திறந்து வைத்து, வாழையிலைத் துண்டுகளில் இரண்டிரண்டு அதிரசமும் கைப்பிடி முறுக்குமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு மிஞ்சாதே பாட்டி என்றோம்.

"பத்து வருசமா எல்லார் வீட்டுத் தட்டையும் வாங்கி வாங்கி வச்சுக்கிட்டேன், தம்பி. இந்த வருசந்தான் நானும் கொடுத்தனுப்பறேன்."

நமக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார். தணிக்கைக்குச் சென்ற இடத்தில் அங்கத்தினரிடம் எதுவும் பெறலாகாது என்று தயங்கினோம். செயலர் உள்ளே சென்று அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து வந்து புரட்டிக் காட்டினார். அந்த அம்மையாரின் பெயர் அதில் இல்லை. வாங்கிக்கொண்டோம்.