சொந்தப் பெயரில் ஒரு கார்: ரோந்தோவின் லெ மான் வெற்றி அதிர்ஷ்டமா?

கார் பந்தய ரசிகர்களிடம் 1980 லெ மான் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது அதிர்ஷ்டம்ங்க. அந்த வருஷம் போர்ஷே கம்பெனி தன்னோட பெரிய காரை அனுப்பவே இல்லை. கூடவே மழையும் வந்துச்சு. அதான் ரோந்தோ ஜெயிச்சார்."

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தக் காரின் பந்தய முடிவுகளை வருடவாரியாக ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் கதை கொஞ்சம் வேறு மாதிரித் தெரிந்தது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். லெ மான் என்பது பிரான்ஸில் உள்ள ஓர் ஊர். அங்கே ஒவ்வொரு வருடமும் 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கும். ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள், கார் மட்டும் மாறாது. 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இதில் முன்வரிசையில் ஓடுபவை 'புரோட்டோடைப்' கார்கள். கடையில் விற்பதற்காக இல்லாமல் பந்தயத்துக்கென்றே கட்டுகிற கார்கள் அவை. போர்ஷே, ஃபெராரி, ரெனோ மாதிரி பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டி ஜெயிக்கிற களம்.

ழான் ரோந்தோ 1946-ல் அதே லெ மான் ஊரில் பிறந்தவர். 1972 முதல் அந்தப் பந்தயத்தில் ஓட்டுநராகக் கலந்துகொண்டார். பிறகு, தானே ஒரு கார் கட்டி அதில் ஜெயிக்க வேண்டும் என்று இறங்கினார். கையில் பணம் இல்லை. 'இனால்தேரா' என்ற வால்பேப்பர் கம்பெனி காசு போட்டது. அதனால் முதல் கார்களுக்கு அந்தக் கம்பெனியின் பெயரே வந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தக் கம்பெனி விலகிக்கொள்ள, ரோந்தோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. சில மாதங்களில் கட்டிய அடுத்த கார்தான் எம்378. அதில்தான் முதல் முறையாக ரோந்தோ என்ற பெயர் ஏறியது.

இனி என் நோட்டில் இருப்பது. லெ மானில் அவருடைய கார்களில் முன்னால் வந்ததன் இடம் மட்டும்:

1976 – 8-வது இடம்
1977 – 4-வது இடம்
1978 – 9-வது இடம்
1979 – 5-வது இடம்
1980 – முதல் இடம்
1981 – 2-வது இடம்

ஆறு வருடம், ஆறு முறையும் முதல் பத்துக்குள். 1978-ல் கொஞ்சம் இறங்கியதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்: காசு போட்டவர்கள் போய்விட்டார்கள், கார் புதுசு. அதிர்ஷ்டத்தில் ஒரு வருடம் ஜெயிக்கலாம். ஆறு வருடமும் முதல் பத்துக்குள் நிற்க அது போதாது.

எப்படி முடிந்தது? அவர் எஞ்சினை வெளியே வாங்கினார். ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் நிறுவனம் வடிவமைத்த டி.எஃப்.வி. என்ற 3 லிட்டர் வி8 எஞ்சின் அது. 1967-ல் ஃபார்முலா ஒன்னில் அறிமுகமாகி, பல அணிகளுக்கும் காசுக்குக் கிடைத்த எஞ்சின். கியர்பாக்ஸும் அதே மாதிரி வெளியே வாங்கியதுதான். ஆனால் ஒரு சிக்கல். ஃபார்முலா ஒன் பந்தயம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே அதைப் போல 12 மடங்கு ஓட வேண்டும். இந்த எஞ்சினின் கிராங்க் அமைப்பு காரணமாக அதிர்வும் அதிகம். மணிக்கணக்கில் அப்படி அதிர்ந்தால் புகைக்குழாய் விரிசல் விடும், போல்ட் தளரும், ஒயர் அறுந்துபோகும். அதனால் லெ மானில் அதன் சுழற்சி வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். குதிரைத்திறன் கொஞ்சம் போகும், ஆனால் கார் காலை வரை உயிரோடு இருக்கும். ரோந்தோ செய்த கணக்கு இதுதான். மற்ற சுற்றுகளில் வேகமாக ஓடுகிற கார் அவருக்குத் தேவையில்லை. தன் ஊரில், வருடத்தில் ஒரு நாள், 24 மணி நேரம் நிற்காமல் ஓடினால் போதும்.

இப்போது 1980-க்கு வருவோம். ஜூன் 14, 15. ரோந்தோ மூன்று எம்379பி கார்களைக் கொண்டுவந்தார். ஒன்றை அவரும் ழான்-பியர் ழோசோவும் ஓட்டினார்கள். ழோசோ 1978-ல் ரெனோ காரில் இதே பந்தயத்தை ஜெயித்தவர். எதிரில் ஜாக்கி இக்ஸ். ஏற்கனவே நான்கு முறை ஜெயித்து, ஐந்தாவதுக்காக வந்திருந்தார். ரைன்ஹோல்ட் யோஸ்டின் அணி கொண்டுவந்த டர்போ போர்ஷே அவர் கையில். கம்பெனி நேரடியாக அனுப்பவில்லை என்பது உண்மை. ஆனால் பெயருக்கு 908 என்றாலும், அந்தக் கார் போர்ஷேயின் 936-ஐப் போலவே கட்டப்பட்டது. அதைச் சாதாரண எதிரி என்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலை அந்தப் போர்ஷேயின் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணியது. சரிசெய்வதற்குள் ரோந்தோ முன்னால் போய்விட்டார். கடைசிக் கட்டத்தில் மழை. இக்ஸ் உள்ளே வந்து மழை டயர் மாட்டிக்கொண்டார். ழோசோ உலர் டயரிலேயே வெளியே இருந்தார். வழுக்கியிருந்தால் இத்தனை வருட வேலையும் சுவரில் முடிந்திருக்கும். தாக்குப்பிடித்தார். 338 சுற்று, 4,600 கிலோமீட்டருக்கு மேல். இக்ஸ் இரண்டு சுற்று பின்னால். இன்னொரு ரோந்தோ மூன்றாவது. பெஸ்கரோலோ ஓட்டிய மூன்றாவது கார் மட்டும் பாதியில் நின்றுபோனது.

லெ மானில் தன் பெயர் தாங்கிய காரைத் தானே ஓட்டி ஜெயித்தவர் இன்று வரை அவர் ஒருத்தர்தான்.

அப்போ அதிர்ஷ்டம் எங்கே? இதற்கு 1981 முடிவைத்தான் பார்க்கணும். அந்த வருடம் போர்ஷே 936 கார்களோடு நேரடியாக வந்தது. இக்ஸும் டெரெக் பெல்லும் 354 சுற்று ஓடி ஜெயித்தார்கள். ரோந்தோ கார்கள் இரண்டாவது, மூன்றாவது. இரண்டாவதாக வந்த ரோந்தோ ஓடியது 340 சுற்று. முந்தின வருடம் ஜெயித்த கார் ஓடியது 338.

இந்த இரண்டு எண்களைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மழை, வெயில் வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ரோந்தோவின் கார் இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. முதல் வருடம் அது போதுமானதாக இருந்தது, அடுத்த வருடம் 14 சுற்று குறைந்தது. ஆக, அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் பாதி சரி. பெரிய கம்பெனி எந்த வருடம் வராமலிருக்கும் என்பது ரோந்தோவின் கையில் இல்லை. அது வராத வருடத்தில் தயாராக இருப்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அவர் ஒவ்வொரு வருடமும் தயாராக இருந்தார்.

அதே 1981-ல் ஒரு பெரிய துயரமும் நடந்தது. ரோந்தோ காரை ஓட்டிய ழான்-லூயி லாஃபோஸ் நீண்ட நேர்ச்சாலையில் விபத்தில் இறந்துபோனார். 1975, 1976 இரண்டு வருடமும் லெ மானில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர்.

1982-ல் விதிகள் மாறின. 'குரூப் சி' என்ற புதுப் பிரிவில் எரிபொருளுக்கு அளவு வைத்தார்கள்: 1,000 கிலோமீட்டருக்கு 600 லிட்டர்தான். ரோந்தோ இந்த முறை உலக சாம்பியன் பட்டத்தையே குறிவைத்தார். மொன்சாவில் நடந்த முதல் பந்தயத்தில் பெஸ்கரோலோவும் ஜார்ஜோ ஃப்ரான்சியாவும் எம்382-ல் ஜெயித்தார்கள். அடுத்த மாதம் போர்ஷே 956 வந்து இறங்கியது. காஸ்வொர்த் எஞ்சினைப் பெரிதாக்கியதில் பழைய அதிர்வுத் தொல்லையும் பெரிதாகியிருந்தது. லெ மானில் போர்ஷே முதல் மூன்று இடங்களையும் எடுத்துக்கொள்ள, ரோந்தோ அணியின் சொந்தக் கார் ஒன்றுகூடக் கடைசிவரை ஓடவில்லை. வருட முடிவில் பட்டமும் போர்ஷேக்கு. ரோந்தோ இரண்டாவது.

1983-ல் புதிய எம்482. லெ மானில் அதுவும் முடிக்கவில்லை. அத்தோடு பணம் தீர்ந்து பட்டறையை மூட வேண்டியதாயிற்று. ஒரு ஊருக்காக, ஒரு நாளுக்காகக் கார் கட்டியவரை ஊர் ஊராகப் போகும் பந்தயத் தொடரின் செலவு சாய்த்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1984-ல் ரோந்தோ ஓட்டுநராக மட்டும் லெ மானுக்குத் திரும்பினார். வந்தது இரண்டாம் இடம். ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? போர்ஷே 956! அடுத்த வருடம் டிசம்பரில், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில்வே கேட்டில் அவர் கார் மீது ரயில் மோதி இறந்துபோனார். வயது 39.

1980-ல் பாதியில் நின்ற அந்தக் காரை ஓட்டிய பெஸ்கரோலோ பின்னாளில் தானும் ஓர் அணி ஆரம்பித்துத் தன் பெயரிலேயே கார்களை ஓடவிட்டார். 2005-லும் 2006-லும் அவை லெ மானில் இரண்டாவது வந்தன. இரண்டு முறையும் முன்னால் இருந்தது ஆடி. 2006-ல் பெரிய கம்பெனியே நேரடியாக வந்திருந்தது.