பலர் கைபட்ட நிரல்: பொது மென்பொருளுக்குப் பங்களிப்பது எவ்வாறு?

பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்கள் ஜக்கார்டுப் பெட்டியை நன்கு அறிவார்கள். தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் அப்பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வருகின்றன. துளையுள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய பாவு இழை மேலே எழுகிறது. துளையில்லாத இடத்தில் இழை கீழேயே நின்றுவிடுகிறது. எந்த இழை எப்பொழுது எழவேண்டும் என்ற கட்டளையை அட்டையில் அடித்து வைத்துவிட்டால், கொடியும் மயிலும் அன்னமும் சேலையில் முறைப்படி வந்து அமைகின்றன.

இந்தப் பொறியை ஒருவரே கண்டுபிடித்துவிடவில்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1725-ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். 1728-ல் ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். 1745-ல் வோக்கான்சோன் என்பவர் அதைத் தானே இயங்கச் செய்ய முயன்றார். இவர்கள் செய்தவற்றையெல்லாம் ஆராய்ந்து, குறைகளை நீக்கி, 1804-ல் ஜக்கார்டு தம் பொறியை அமைத்தார். பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு ஓய்வூதியம் அளித்து, அப்பொறியைப் பொதுவுடைமையாக்கியது. அதே துளையட்டையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் எடுத்துக்கொண்டார். ஆகவே, கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் கலைக்கு நெசவுத் தொழில் தாய்வீடு என்று சொன்னால் மிகையாகாது.

ஒருவர் செய்ததை மற்றொருவர் பார்த்து, திருத்தி, மீண்டும் எல்லாருக்கும் அளிக்கும் அம்முறை இன்று கணிப்பொறி உலகில் பெருமளவில் நடைபெற்று வருகிறது. திறந்த மூல மென்பொருள் என்பது அதன் பெயர். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளில் பலர் இத்துறையில் படிக்கிறார்கள், வேலையும் செய்கிறார்கள். அவர்களுக்கு மட்டுமன்றி, கூட்டுறவில் நம்பிக்கை வைத்த அனைவருக்கும் இது அறியத்தக்க செய்தியாகும்.

மூல நிரல் என்பது யாது?

கணிப்பொறியைச் செலுத்தும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் எழுதியது மூல நிரல். பின்னர் அது இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் வடிவுக்கு மாற்றப்படுகிறது. பல கம்பெனிகள் இந்த இரண்டாம் வடிவத்தையே விற்கின்றன. கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனை மறைத்து வைத்துக்கொண்டு, அடித்த அட்டைகளை மட்டும் கொடுப்பது போன்றது இது. பூ ஒன்று கோணலாக விழுந்தால் வாங்கியவர் திருத்திக்கொள்ள வழியில்லை; விற்றவர் வீட்டு வாயிலில்தான் போய் நிற்கவேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் இத்தகைய அனுபவத்தை அடைந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதைச் செலுத்தும் மூல நிரல் கிடைத்தால், சிக்கியவுடன் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி தாமே திருத்திவிடலாம் என்று கேட்டார். நிரல் மறுக்கப்பட்டது. 1983-ல் அவர் எவரும் பயன்படுத்தவும், படித்து மாற்றவும், பிரதி எடுத்துக் கொடுக்கவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்கப் போவதாக அறிவித்தார். 1989-ல் அதற்கேற்ற பொது உரிமப் பத்திரமும் வெளிவந்தது. அதன் முக்கிய நிபந்தனை யாதெனில், இந்நிரலைத் திருத்திப் பிறருக்கு வழங்குவோர், திருத்திய மூல நிரலையும் அதே உரிமைகளுடன் வழங்கவேண்டும் என்பதாகும். பொதுக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கலாம். கிணற்றுக்கு வேலி போட முடியாது.

1991-ம் ஆண்டு ஆகஸ்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்கு தளம் எழுதிவருவதாகக் கணிப்பொறி வழியே அறிவித்து, மற்றவர்களின் யோசனைகளைக் கேட்டார். அதுவே லினக்ஸ். மறு ஆண்டில் அதை மேற்சொன்ன பொது உரிமத்தின்கீழ் வைத்தார். இன்று அதன் மூல நிரல் 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. ஆண்டிராய்டு கைபேசிகள் அனைத்தும் அதன்மேல் இயங்குகின்றன. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளும் 2017-ம் ஆண்டு நவம்பர் முதல் அதையே பயன்படுத்துகின்றன.

பங்களிக்கும் முறை

இத்தகைய பெரிய வேலையில் புதிதாக ஒருவர் எப்படிக் கைகொடுப்பது? முறையை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அந்த மென்பொருளைத் தாமே பயன்படுத்திப் பார்க்கவேண்டும். குறை கண்ணில் பட்டால், அதை வேறு எவரேனும் முன்னரே பதிவு செய்திருக்கிறார்களா என்று அத்திட்டத்தின் குறைப்பதிவேட்டில் தேடவேண்டும். புதியவர்களுக்கு ஏற்ற சிறு வேலைகளைப் பல திட்டங்கள் தனியே குறித்து வைக்கின்றன. அவற்றில் தொடங்குவது நலம்.

இரண்டாவது, மூல நிரலின் முழுப் பிரதியைத் தம் கணிப்பொறிக்குக் கொண்டுவரவேண்டும். இதற்கு இன்று பெரிதும் உதவுவது கிட் என்னும் கருவி. லினக்ஸ் நிரலைப் பேணுவதற்கு அதுவரை இலவசமாகக் கிடைத்து வந்த வேறொரு கருவியின் உரிமம் 2005-ல் திரும்பப் பெறப்பட்டது. உடனே டோர்வால்ட்ஸ் தாமே அமர்ந்து எழுதியது இக்கருவி. எந்த வரியை, யார், எந்த நாளில், என்ன காரணத்துக்காக மாற்றினார் என்ற கணக்கு முழுவதையும் இது வைத்திருக்கிறது. நம் சங்கத்துப் பேரேட்டைப் போன்றது எனலாம். ஆனால் இந்தப் பேரேட்டின் முழுப் பிரதி ஒவ்வொரு பங்காளியிடமும் இருக்கும்.

மூன்றாவது, தனிக் கிளை ஒன்றைப் பிரித்துக்கொண்டு அதில் திருத்தத்தைச் செய்யவேண்டும். ஒரு திருத்தம் ஒரே காரியத்தைச் செய்வதாக இருத்தல் அவசியம். பிழை ஒன்றைத் திருத்தும்போதே பெயர்களை மாற்றி, வரிகளை ஒழுங்குபடுத்தி, புதிய வசதியும் சேர்த்து அனுப்பினால், பார்வையிடுபவருக்கு எது எதற்கென்று புரியாது. பின்னர் ஒரு பகுதி தவறென்று தெரிந்தால், அதை மட்டும் பிரித்து எடுக்கவும் இயலாது.

நான்காவது, திட்டத்தின் எழுத்து முறையைப் பின்பற்றவேண்டும். சங்கத்தில் ஒப்படைக்கும் சேலைக்கு நீளம், அகலம், இழை நெருக்கம் என்று கணக்கு உண்டல்லவா? நிரலுக்கும் அவ்வாறே உண்டு. பலர் எழுதினாலும் ஒருவர் எழுதியது போல் இருந்தால்தான் அடுத்தவர் படிக்க முடியும்.

ஐந்தாவது, திருத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அதனுடன் ஒரு குறிப்பு எழுதவேண்டும். என்ன மாற்றினோம் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பதைக் குறிப்புதான் சொல்லவேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அவ்வரியைக் காண்பவருக்கு அக்குறிப்பே வழிகாட்டி. லினக்ஸ் திட்டத்தில், இதை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று உறுதி கூறும் ஒப்ப வரி ஒன்றையும் சேர்க்கவேண்டும். இவ்வழக்கம் 2004-ல் ஏற்பட்டது. பிறர் பொருளை எடுத்துவந்து பொதுவில் வைத்துவிடாதபடி காப்பது அது.

ஆறாவது, அனுப்புவது. லினக்ஸ் திட்டத்தில் நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் மூல நிரலுடனேயே வருகிறது. உரியவருக்கும் அப்பகுதியில் பணிபுரியும் பிறருக்கும் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். வேறு பல திட்டங்களில் இணைக்கக் கோரும் விண்ணப்பத்தை அதற்கென அமைந்த தளத்தில் பதிவு செய்கிறார்கள்.

பார்வையிடுதல்

இதற்குப் பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. அனுப்பிய திருத்தத்தைப் பிறர் வரிவரியாகப் படித்து ஐயங்களை எழுப்புவார்கள். சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பது போன்றது இது. குறை சொன்னவர் நம்மைப் பழிக்கவில்லை, துணியைத்தான் பார்க்கிறார். சொன்ன குறையை நீக்கி இரண்டாம் முறை, மூன்றாம் முறை அனுப்புவது வழக்கமானதே. பல நாள் பழகியவர்களின் திருத்தங்களும் திரும்பி வருவதுண்டு.

ஏற்கப்பட்ட திருத்தம் பகுதிப் பராமரிப்பாளரிடமிருந்து டோர்வால்ட்ஸிடம் செல்கிறது. லினக்ஸின் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதில் முதல் இரண்டு வாரங்கள்தாம் புதிய வேலைகளைச் சேர்ப்பதற்கு. எஞ்சிய வாரங்கள் பிழை நீக்கத்துக்கே ஒதுக்கப்படுகின்றன.

இவ்வளவு உழைப்பை ஏன் இலவசமாகத் தருகிறார்கள் என்று கேட்கலாம். எல்லாரும் ஊதியமின்றி உழைப்பதாக எண்ணுவது தவறு. லினக்ஸ் திருத்தங்களின் பெரும்பகுதி கம்பெனிகளில் சம்பளம் பெறுவோரால் எழுதப்படுகிறது. அக்கம்பெனிகள் தருமத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. ஒரு திருத்தத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதை மீண்டும் பொருத்தியாகவேண்டும். பொதுவில் சேர்த்துவிட்டால் எல்லாரும் சேர்ந்து அதைப் பேணுவர். தனக்கென்று தனி வாய்க்கால் வெட்டியவன் வெள்ளந்தோறும் தானே கரை கட்டவேண்டியிருப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள்.

பேணுவார் இல்லையேல்

ஏரியில் நீர் பாய்ச்சிக்கொள்ள எல்லாரும் வருவார்கள்; தூர் வாரும் நாளில் சிலரே வருவார்கள். பொது மென்பொருளுக்கும் இந்த இடர் உண்டு என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின.

இணையத்தில் அனுப்பும் செய்திகளைப் பிறர் படிக்காமல் மறைத்துக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளை உலகெங்கும் வங்கிகளும் வணிக நிலையங்களும் பயன்படுத்தி வந்தன. அதில் ஒரு நீள அளவைச் சரிபார்க்காமல் விட்ட சிறு பிழை 2012-ம் ஆண்டுப் பதிப்பில் புகுந்தது. இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அது வெளிப்பட்டபோது, ரகசியச் சாவிகளும் கடவுச்சொற்களும் களவுபோகக்கூடிய நிலையில் இருந்தது தெரிந்தது. அம்மென்பொருளுக்கு முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுதோறும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலரே என்பதும் அப்பொழுதுதான் உலகுக்குத் தெரியவந்தன. அதன் பின்னரே பெரிய கம்பெனிகள் சேர்ந்து இத்தகைய அடிப்படை மென்பொருள்களுக்கு நிதி ஒதுக்கின.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் எச்சரிக்கையானது. கோப்புகளைச் சுருக்கிவைக்கும் எக்ஸ்.இசட். என்ற கருவியை ஒருவரே பல ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். வேலை தாமதமாகிறது என்று முகமறியாத சிலர் அவரை நெருக்கினர். அச்சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல திருத்தங்களை அளித்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளர் பொறுப்பையும் அடைந்தார். பின்னர் 2024-ல் வெளியிட்ட பதிப்புகளில் பிறர் கணிப்பொறிக்குள் நுழையும் கள்ளவாசல் ஒன்றை மறைத்து வைத்தார். ஆண்டிரெஸ் ஃபிராயண்டு என்ற பொறியாளர், தம் சோதனைக் கணிப்பொறியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளை மட்டுமே அது எட்டியிருந்ததால் பெருந்தீங்கு நேரவில்லை.

இதனால் திறந்த முறையே தவறு என்று சொல்லிவிட முடியாது. மூல நிரல் திறந்திருந்தபடியால்தான் வெளியார் ஒருவர் வேர்வரை சென்று பார்க்க முடிந்தது. ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. காவல் இருக்க ஆட்கள் வேண்டும். தனித்து உழைப்பவரைச் சோரவிட்டு, குறை மட்டும் கூறும் கூட்டமே அந்தக் கள்ளனுக்கு வழி திறந்தது.

நாம் கொள்ளவேண்டியது

இம்முறைக்கும் நம் சங்கத்துக்கும் வேறுபாடும் உண்டு. நம்மிடம் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. அங்கே பெரும்பாலும் உழைத்தவர் சொல்லே செல்லும். எனினும், தலைமை பிடிக்காதவர்கள் முழு நிரலையும் எடுத்துக்கொண்டு பிரிந்து செல்லும் உரிமை உண்டு. 2010-ல் ஓப்பன் ஆபீஸ் மென்பொருள் புதிய கம்பெனியின் கைக்குச் சென்றபோது, அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். இன்று தமிழிலும் கிடைக்கும் அலுவலக மென்பொருள் அது. இந்த உரிமையே தலைமையை நேர்மையாக வைத்திருக்கிறது.

நிரல் எழுதத் தெரியாதவரும் உதவலாம். கண்ட குறையைத் தெளிவாக எழுதி அனுப்புதல், விளக்கக் குறிப்புகளைச் செம்மை செய்தல், தமிழில் மொழிபெயர்த்தல் ஆகிய யாவும் பங்களிப்பே. கேடிஇ, க்னோம் போன்ற மென்பொருள்கள் தமிழ் பேசுவது தன்னார்வலர்களின் உழைப்பால்தான். இக்காலத்தில் இயந்திரமே நிரல் எழுதித் தருகிறது. தாம் படித்துப் புரிந்துகொள்ளாததை அனுப்புவது உதவியாகாது; பார்வையிடுபவர் தலையில் சுமை ஏற்றுவதாகும்.

ஆகவே, நம் இளைஞர்கள் பெரிதாக ஒன்றைச் செய்யவேண்டுமென்று காத்திராமல், தாம் பயன்படுத்தும் பொது மென்பொருள் ஒன்றில் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புவார்களாக. அறுந்த இழை ஒன்றைப் பிணைத்தாலும் பாவு ஓடும்.