ஸ்பானிய மொழிக்குத் தமிழ் தரும் சாவி

தலைநகரில் நம் பிள்ளைகள் சிலர் இப்போது பள்ளியிலேயே ஸ்பானிய மொழி படிக்கிறார்கள். ஹனுமான் ரோட்டில் 2009-இல் திறக்கப்பட்ட செர்வான்டஸ் நிலையத்துக்குப் போய்ப் படிப்பவர்களும் உண்டு. எழுத்தையும் உச்சரிப்பையும் எளிதாகக் கடந்துவிடும் பிள்ளைகளுக்கு, 'லே', 'லோ' என்ற இரண்டு சிறு சொற்கள் வந்ததும் வண்டி சிக்னலில் நின்றுவிடுகிறது. என் பேத்திக்கும் அங்கேதான் நின்றது.

நான் டிப்ளமா படித்து, 36 ஆண்டுகள் ரயில்வேயில் வேலை பார்த்தவன். மொழிப் பண்டிதன் அல்லன். ஓய்வு பெற்ற பின் பேத்தியோடு உட்கார்ந்து படித்ததில் விளங்கிய ஒரு விஷயம் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஹிம்' என்ற ஒரே சொல், 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கும் வரும், 'அவனுக்குக் கொடுத்தேன்' என்பதற்கும் வரும். இந்தியிலும் 'உஸ்கோ தேக்கா', 'உஸ்கோ தியா' என இரண்டுக்கும் உஸ்கோதான். ஸ்பானியத்தில் அது செல்லாது. அவனை என்றால் லோ, அவளை என்றால் லா. அவனுக்கு, அவளுக்கு இரண்டுக்கும் லே. பன்மையில் லோஸ், லாஸ், லேஸ். பொருள்களுக்கும் அங்கே பால் உண்டு. புத்தகம் ஆண்பால், கடிதம் பெண்பால். ஆகவே 'அதை' என்பதும் இடத்துக்கேற்ப லோ அல்லது லா.

ஆங்கிலத்திலோ இந்தியிலோ யோசிக்கும் பிள்ளை இங்கே திணறுகிறது. நமக்கோ இது இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும்தான். வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'ஐ' வந்தால் லோ அல்லது லா, 'கு' வந்தால் லே. தன்மையிலும் முன்னிலையிலும் இன்னும் சுலபம். என்னை, எனக்கு இரண்டுக்கும் மே. உன்னை, உனக்கு இரண்டுக்கும் தே.

விதிவிலக்கும் உண்டு. நாம் 'அவனைக் கேட்டேன்' என்கிறோம். ஸ்பானியத்தில் கேள்வி 'அவனுக்கு'க் கேட்கப்படுகிறது, அதாவது லே. இப்படிப்பட்ட சில வினைகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

அடுத்தது வரிசை. வினைச்சொல்லை எஞ்சின் என்றும், இந்தச் சிறு சொற்களைப் பெட்டிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 'கு' பெட்டி முதலில், 'ஐ' பெட்டி அடுத்து. இந்த வரிசை மாறாது. 'எனக்கு அதைத் தருகிறாய்' என்பது 'மே லோ தாஸ்'. நம் வாக்கியத்தின் வரிசையேதான்! மலைப்பாதையில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினைப் போல வினை கடைசியில் நிற்கிறது. ஒன்றைச் செய் என்று ஏவும்போது எஞ்சின் முன்னே வந்து, பெட்டிகள் பின்னால் கோக்கப்பட்டு, மூன்றும் ஒரே சொல்லாகிவிடும்: 'தாமேலோ', அதாவது 'எனக்கு அதைத் தா'. அங்கேயும் 'தா' என்றால் தா என்பது வேடிக்கையான தற்செயல். 'தராதே' என்று தடுக்கும்போது பெட்டிகள் மறுபடி முன்னே போய்விடும்: 'நோ மே லோ தேஸ்'.

'அவனுக்கு அதைத் தருகிறேன்' என்பது இந்தக் கணக்கில் 'லே லோ தோய்' என்று வர வேண்டும். ஆனால் லோ, லா இவற்றுக்கு முன் லே நிற்காது, 'ஸே' ஆகிவிடும். 'ஸே லோ தோய்' என்பதே சரி. இதற்கு என் பேத்தியிடம் ஒரு வழி சொன்னேன். 'லே லோ, லே லோ' என்று கூவுவது நம் தெருக் காய்கறி வண்டிக்காரர். ஸ்பெயின்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். சிரித்தாள், ஆனால் மறக்கவில்லை.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்க வேண்டும். ஸ்பானியத்தில் 'மே குஸ்தா எல் கஃபே'. எனக்கு என்றுதான் தொடக்கம். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே: 'மே துவேலே லா கபேஸா'. இந்த இடத்தில் இந்தியின் 'முஜே'யும் நமக்குத் துணை.

கவலை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகள் 'அவனுக்குப் பார்த்தேன்', 'அம்மா எனக்குக் கூப்பிட்டாள்' என்று பேசுவதைக் கேட்கிறேன். உஸ்கோவும் முஜேவும் தமிழுக்குள் புகுந்துவிட்டன. மழலை என்று நாமும் ரசித்துவிட்டுப் போகிறோம். 'ஐ'யும் 'கு'வும் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டால், மேலே சொன்ன சாவி அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. பிறகு அது ஸ்பானியத்தை மற்றவர்களைப் போலப் பட்டியல் போட்டு உருப்போட வேண்டியதுதான்.

இதற்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. சாப்பிடும்போது, 'அவனுக்கு இல்லை கண்ணா, அவனைப் பார்த்தேன் என்று சொல்' என அன்பாகத் திருத்தினால் போதும். 'தமிழால் எனக்கு என்ன பயன்?' என்று வீட்டில் கேட்கும் பிள்ளைக்கு நீண்ட உபதேசம் வேண்டாம். அதன் ஸ்பானியப் பாடப் புத்தகத்தையே திறந்து காட்டலாம்.