ஓயாத ஏப்பமா? சோடா வேண்டாம்!

பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு ஒரு ஏப்பம் விட்டால் சமைத்தவருக்கே சந்தோஷம்தான். ஆனால் நிமிஷத்துக்கு நாலு தடவை 'ஏவ்... ஏவ்...' என்றால்?

'கேஸ் ட்ரபிள்தான்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். திருச்சி மன்னார்புரம் ஆனாலும் மாம்பலம் ஆனாலும் அடுத்த வேலை, பெட்டிக்கடையில் ஒரு சோடா! சோடாவில் அடைத்திருப்பதே கார்பன் டை ஆக்சைடு வாயு. குடித்ததும் 'ஏவ்' என்று வருவது அதுதான். கோளாறு அப்படியே இருக்கும்.

ஒரு நாளைக்கு 30 தடவை வரை ஏப்பம் வருவது சகஜம். அதற்கு மேலும் வந்தால், பெரும்பாலும் காரணம் நாம் விழுங்கும் காற்றுதான். அவசரச் சாப்பாடு, சாப்பிடும்போது அரட்டை, சூயிங்கம், சிகரெட், சரியாகப் பொருந்தாத பல்செட்... எல்லாமே காற்றை உள்ளே தள்ளும்.

இன்னொரு வகை உண்டு. காற்று இரைப்பைக்குப் போகாமலே, உணவுக்குழாயிலிருந்து உடனே திரும்பிவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, 2004-ல் இதை அளந்து காட்டினார்கள். இது தன்னையறியாமல் படிந்துவிட்ட பழக்கம். கவலை கூடினால் ஏப்பமும் கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலுள்ளவர்கள் கவனியுங்கள். தூங்கும்போதும், பேச்சு சுவாரஸ்யத்திலும் ஏப்பம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பழக்க ஏப்பமாக இருக்கலாம். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் இருந்தால் அமிலம் மேலேறுகிறது. வயிற்று வலியும் இருந்தால் அல்சரா, ஹெலிகோபேக்டர் கிருமியா என்று டாக்டர் பார்ப்பார்.

என்ன செய்யலாம்?

நிதானமாக மென்று சாப்பிடுங்கள். சோடா, கூல்டிரிங்க்ஸ், ஸ்ட்ரா வேண்டாம். ஏப்பம் வரும்போலத் தோன்றினால் வாயை லேசாகத் திறந்து, வயிற்றில் கை வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சிழுங்கள். கை மேலே எழும்ப வேண்டும். மெதுவாக விடுங்கள். தினமும் பழகினால் ஏப்பம் குறையும்.

எடை குறைதல், விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ஓயாத வாந்தி, ரத்த வாந்தி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை!

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல்... 'ஏப்பம் விட்டா சரியாப் போயிடும்' என்று காத்திருக்காதீர்கள். மாரடைப்பும் அஜீரணம் போலவே ஆரம்பிக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். திருச்சிக்காரர்களுக்குப் புத்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரு ஏப்பம் வந்து வலி குறைந்தாலும் சரி, ஈ.சி.ஜி. பார்த்த பிறகுதான் 'கேஸ்' என்று சொல்ல வேண்டும்.